மெஷின் ஜீரோ காட்டியும் நடுங்கிய ஸ்டீயரிங்

கார் வாங்கி ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஏழு வருடம் ஓடிய, 80,000 கிலோமீட்டர் தாண்டிய, முன் சக்கரம் இழுக்கும் சின்ன ஹாட்ச்பேக். வாங்கும் முன் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஊருக்குள்தான், வேகம் 50-ஐத் தாண்டவே இல்லை. நெடுஞ்சாலையில் முதல் தடவை ஏறி 85-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக நடுங்க ஆரம்பித்தது. 95-இல் உச்சம். 110-ஐ நெருங்கினால் பாதியாகக் குறைந்தது. 80-க்குக் கீழே வந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி சாதுவாக இருந்தது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன், அதாவது யோசிக்காமல் செலவு செய்தேன். வீல் பேலன்சிங் போட்டேன், அதாவது சுற்றிலும் எடை சமமாகும்படி ரிம்மில் சின்னச் சின்ன எடைகளை ஒட்டும் வேலை. கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, சந்தோஷப்பட்டேன். பத்து நாளில் பஞ்சருக்காக ஒரு வீலைக் கழற்றி மாட்டியதும் நடுக்கம் பழையபடி வந்துவிட்டது. வேறு கடையில் மறுபடி பேலன்சிங் போட்டேன். இந்தத் தடவை முன்பைவிட மோசம். கடைக்காரரைக் கேட்டால், "சார், மெஷின்ல ஜீரோ ஜீரோ காட்டுது, நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன், உண்மையிலேயே ஜீரோதான் காட்டியது. அப்புறம் அலைன்மென்ட் (வீல்கள் நிற்கும் கோணம்) பார்க்கச் சொன்னார்கள், அதையும் பார்த்தேன். அலைன்மென்ட் தப்பாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். அதனால் நேரடியாக நடுக்கம் வராது என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன்.

அடுத்து செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். வீலோடு சுற்றும் முன் பிரேக் டிஸ்க் இரண்டையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேடோடு சேர்த்து மாற்றினேன். பிரேக் போடும்போது நடுக்கம் கூடவில்லை, குறையவுமில்லை, பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் "80,000 ஓடியிருக்கு, எப்படியும் மாத்த வேண்டியதுதானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டிலேயே ஜாக் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, அவசர அவசரமாக மாட்டினேன். அந்த அவசரம் பிற்பாடு என்ன செய்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிஸ்க் மாற்றியும் நடுக்கம் தீரவில்லை என்றதும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த வேகத்தில் வருகிறது, எப்போது கூடுகிறது, எங்கே தெரிகிறது என்று எழுத ஆரம்பித்தேன். நியாயமாக முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

முதல் சோதனை நியூட்ரல். காலியான நேர் சாலையில் 100 வரை போய், ஆக்சிலரேட்டரை விட்டு, நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக உருளவிட்டேன். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிட்டது, ஆனால் 95-இல் நடுக்கம் அப்படியே இருந்தது. ஆக எஞ்சினும் அதன் மவுன்ட்டும் இல்லை. வீலைச் சுற்ற வைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க மூட்டு (சிவி ஜாயின்ட்) தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதுதான் உதறும், விட்டால் அடங்கும். இங்கே மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி, அதனால் அதையும் ஓரமாக வைத்தேன். வளைவுகளில் இடமும் வலமும் சாய்த்து ஓட்டிப் பார்த்தேன். வீல் பேரிங் போயிருந்தால் ஒரு பக்கம் சாயும்போது ஊளையிடும் சத்தம் கூடும், மறுபக்கம் சாய்ந்தால் குறையும். அப்படி எந்தச் சத்தமும் இல்லை. சீட்டிலும் தரையிலும் நடுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை, ஸ்டீயரிங்கில்தான் அதிகம், எனவே முன் வீல் பக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ஒரு வினோதம் கண்ணில் பட்டது. நேர் சாலையில் ஒரே வேகத்தில் போனாலும் நடுக்கம் ஒரே அளவில் இல்லை. மெல்ல ஏறி, உச்சத்துக்குப் போய், மெல்ல இறங்கி, கிட்டத்தட்ட அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரு வளைவைத் தாண்டினால் அந்த ஏற்ற இறக்கம் வேறு இடத்திலிருந்து தொடங்கியது. முதலில் சாலைதான் காரணமோ என்று நினைத்தேன். யோசித்தால் கணக்கு சரியாக வந்தது. இரண்டு முன் வீலிலும் குறை இருந்து, இரண்டு டயரும் சுற்றளவில் துளி வித்தியாசப்பட்டால், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். இரண்டு உதறலும் சேரும் நேரத்தில் ஸ்டீயரிங் பலமாக ஆடும், ஒன்றையொன்று தின்னும் நேரத்தில் அடங்கும். நொடிக்குப் பதிமூன்று சுற்று சுற்றும் வீலில் ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம் இருந்தாலே 25 நொடிக்கு ஒரு சுற்று வந்துவிடும். வளைவில் வெளிப்பக்க வீல் அதிக தூரம் ஓடுவதால் இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் மாறிவிடுகிறது. ஆக, குறை ஒரு வீலில் அல்ல, இரண்டிலும்.

அந்தப் பதிமூன்று எங்கிருந்து வந்தது என்றால், டயர் 185/65 ஆர்15. குறுக்களவு சுமார் 62 சென்டிமீட்டர், சுற்றளவு 1.95 மீட்டர். 95 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 26.4 மீட்டர். வகுத்தால் நொடிக்கு பதிமூன்றரைச் சுற்று. போனை டேஷ்போர்டில் இரட்டைப் பக்க டேப் போட்டு இறுக ஒட்டி, அதிர்வை அளந்து அதிர்வெண்ணாகப் பிரித்துக் காட்டும் ஒரு ஆப்பை ஓடவிட்டு, பக்கத்தில் நண்பனை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஓட்டுகிறவரே திரையைப் பார்க்கும் வேலை வேண்டாம். 95-இல் 13-க்கும் 14 ஹெர்ட்ஸுக்கும் (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது) நடுவே பளிச்சென்று ஒரு முள் எழுந்து நின்றது. வேகத்தைக் குறைத்தால் முள்ளும் இடப்பக்கம் நகர்ந்தது, கியரை மாற்றி எஞ்சின் சுழற்சியை ஏற்றினாலும் இறக்கினாலும் முள் அசையவில்லை. எஞ்சினிலிருந்து வருவதாக இருந்தால் 2,500 சுழற்சியில் அது 41 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்க வேண்டும். பின் சக்கரம் இழுக்கும் வண்டியில் எஞ்சின் பக்கமிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றால் வீலைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். இதுவோ வீலின் ஒரு சுற்றுக்கு ஒரு உதறல். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நொடிக்கு 100 தடவை அளக்கும் போனில் 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம், வீல் நடுக்கத்துக்கு அது தாராளம்.

சரி, வீல்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் வீல் என்றால் டயரா, ரிம்மா, ரிம் போய் உட்காரும் ஹப்பா, டிஸ்க்கா? எல்லாமே ஒரே வேகத்தில்தானே சுற்றுகின்றன.

ஜாக்கில் தூக்கி, வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், வீலைத் தாங்கும் பால் ஜாயின்ட்டிலோ பேரிங்கிலோ ப்ளே, அதாவது தளர்ச்சி, இல்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினேன், ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட் எண்டும் சுத்தம். அடுத்து முன் வீல் இரண்டையும் பின்னால் போட்டு, பின் வீலை முன்னால் போட்டேன். ஸ்டீயரிங் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. "ஆஹா, பழைய முன் வீல்தான்" என்று முடிவு கட்டினேன். நிச்சயப்படுத்த வீலை மறுபடி பழைய இடத்துக்கே மாற்றினேன். நடுக்கம் திரும்ப வரவேண்டும் அல்லவா? வரவில்லை! குறைவாகவே இருந்தது. இன்னொரு தடவை அதே நான்கு வீலையும் கழற்றி, அதே இடத்திலேயே மாட்டினேன், எதையும் மாற்றவில்லை. இந்தத் தடவை பயங்கர நடுக்கம்.

அன்று ராத்திரி நோட்டைத் திறந்து பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டபோதுதான் உறைத்தது. முதல் பேலன்சிங்கில் குறைந்தது, பஞ்சருக்குப் பிறகு கூடியது, இரண்டாவது பேலன்சிங்கில் மோசமானது, டிஸ்க் மாற்றியபோது லேசாக மாறியது. எல்லாவற்றிலும் பொதுவாக நடந்தது ஒன்றே ஒன்று: வீலைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பேலன்சிங் செய்தது நடுக்கத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாட்டும்போது வீல் ஹப்பில் எங்கே உட்கார்ந்தது என்பதுதான் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கிறது. வீல் மாற்றிப் பார்க்கும் சோதனை என்னை ஏமாற்றியதும் இதனால்தான். எல்லோரும் சிபாரிசு செய்யும் சோதனை அது, நானும் செய்யச் சொல்வேன், ஆனால் அதே வீலை அதே இடத்தில் இன்னொரு தடவை மாட்டினால் அதே பதில் வருகிறதா என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

காரில் இருந்தது கம்பெனி ரிம் இல்லை. முந்தைய உரிமையாளர் வெளியில் வாங்கிப் போட்ட அலாய். வெளியில் கிடைக்கும் அலாய் பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாகவே போட்டிருப்பார்கள். வெர்னியர் வைத்து அளந்தேன். ரிம்மின் நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர். என் காரின் ஹப் 54.1. இடையில் ஒரு பக்கத்துக்கு 9.5 மில்லிமீட்டர் வெற்றிடம். அதை நிரப்ப ஒரு வளையம் இருக்க வேண்டும், ஹப் ரிங் என்பார்கள். முன் இடது வீலில் வளையமே இல்லை. முன் வலதில் பிளாஸ்டிக் வளையம் ஒன்று பிரேக் சூட்டில் இளகி, ஒரு பக்கம் கிழிந்து, பாதி நிலா மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பின் வீல் ஒன்றில் முழுசாக இருந்தது, மற்றொன்றில் இல்லை.

வளையம் இல்லாவிட்டால் என்ன, நட்டின் கூம்பு முனையே வீலை நடுவில் கொண்டுவந்து வைக்காதா என்று கேட்கலாம். வைக்கும், பொறுமையாக இறுக்கினால். வண்டியின் எடை வீலின் மேல் இருக்கும்போது ஏர் கன்னை வைத்து ஒரு நட்டை டர்ரென்று முழுசாக இறுக்கிவிட்டால், வீல் எந்தப் பக்கம் சரிந்து நின்றதோ அந்தப் பக்கத்திலேயே பூட்டிக்கொள்ளும். பிறகு மற்ற நட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும் அது நகராது.

கண்ணால் பார்த்ததை அளந்தும் பார்த்துவிட வேண்டும் என்று காந்த அடி வைத்த ஒரு டயல் கேஜ் கடன் வாங்கினேன், சுற்றும் பொருள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் கருவி. முன் இடது வீலை அந்தரத்தில் நிறுத்தி, ரிம்மின் உள் விளிம்பில் முள்ளை வைத்து மெதுவாகச் சுற்றினேன். 0.9 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. அலாய் ரிம்முக்கு அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதே வீலைக் கழற்றிக்கொண்டு போய் பேலன்சிங் மெஷினில் மாட்டி, அதே இடத்தில் அளந்தால் 0.3 தான்! ரிம் வளையவில்லை. மெஷினில் கூம்பு ஒன்று நடு ஓட்டைக்குள் நுழைந்து வீலை மிகச் சரியாக மையத்தில் பிடிக்கிறது, காரிலோ அப்படிப் பிடிக்க யாரும் இல்லை. மெஷின் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. மெஷினில் சுற்றிய மையம் வேறு, காரில் சுற்றிய மையம் வேறு, அவ்வளவுதான்.

ஏறி இறங்கிய வித்தியாசம் 0.6 என்றால் மையம் விலகியது அதில் பாதி, சுமார் 0.3 மில்லிமீட்டர். இதற்குப் போயா இவ்வளவு நடுக்கம் என்று எனக்கும் தோன்றியது. டயரும் ரிம்மும் சேர்ந்து 15 கிலோ. 15,000 கிராமை 0.3 மில்லிமீட்டரால் பெருக்கினால் 4,500. ரிம்மின் ஆரம் 190 மில்லிமீட்டர், அதால் வகுத்தால் ஏறத்தாழ 24 கிராம். அதாவது பக்காவாக பேலன்ஸ் செய்த வீலின் விளிம்பில் யாரோ 24 கிராம் ஈயத்தை ஒட்டிவிட்டுப் போன மாதிரி. ஐந்து ஐந்து கிராமாகப் பார்த்துப் பார்த்து ஒட்டுகிற வேலையில் இது எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். 95 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 24 கிராம் மூன்று கிலோவுக்கு மேலான விசையோடு வீலை வெளியே இழுக்கிறது, ஒரு நொடிக்குப் பதிமூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு திசையில்.

வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 54.1 என்று அலுமினியத்தில் நான்கு வளையம் வாங்கினேன். பிளாஸ்டிக்கும் போதும்தான், வளையத்தின் வேலை எடையைத் தாங்குவது இல்லை, நட் இறுகும்வரை வீலை நடுவில் பிடித்து நிறுத்துவது மட்டுமே. ஆனால் இளகிப்போனதைக் கண்ணால் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. ஹப்பின் நடு உதட்டில் இருந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்தேன், அலுமினியம் துருவோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெலிதாக கிரீஸ் தடவினேன், நட்டின் கூம்புக்கும், நட் ஏறும் ஸ்டட்டின் மரைக்கும் அது போகாமல் பார்த்துக்கொண்டேன். வீலைத் தூக்கி வைத்தபோது டொக்கென்று ஒரு சின்னச் சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. இதற்கு முன் அந்த வீல் அப்படி உட்கார்ந்ததே இல்லை. அந்தரத்திலேயே நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் இறுக்கி, கீழே இறக்கி, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டர். இந்த எண் என் காருக்கானது, உங்கள் காருக்கு அதன் கையேட்டில் இருப்பதைப் பாருங்கள். மறுபடி டயல் கேஜ் வைத்தேன், 0.35.

ஓட்டிப் பார்த்தேன். நடுக்கத்தில் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. இனி கழற்றி மாட்டினாலும் மாறவில்லை, அதையும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். ஆனால் 95-இல் லேசான ஒரு சிலிர்ப்பு மிச்சம் இருந்தது. சோதனைகள் இப்போது நம்பும்படி ஆகிவிட்டதால், ஒவ்வொரு வீலாக மாற்றிப் பார்த்ததில் முன் வலது டயர் பிடிபட்டது. டயரின் நடு வரியில் முள்ளை வைத்தால் ஓரிடத்தில் 1.2 மில்லிமீட்டர் மேடு. ரிம் நன்றாக இருந்தது, டயரே கொஞ்சம் முட்டை வடிவம். இதை பேலன்சிங்கால் சரிசெய்ய முடியாது, எடையைச் சமன் செய்யலாம், உருவத்தை எப்படிச் சமன் செய்வது? டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி மாட்டச் சொன்னேன், டயரின் மேடும் ரிம்மின் பள்ளமும் ஒன்றாக வந்தால் கொஞ்சம் அடங்கும். 0.8-க்கு இறங்கியது. அதைப் பின்னால் அனுப்பிவிட்டேன்.

இன்னொரு ஆசாமியும் ஒளிந்திருந்தார். வீலை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ். முதலில் கையால் ஆட்டியபோது இது தெரியவில்லை, நீளமான லீவரை நுழைத்து நெம்பியபோதுதான் ரப்பரின் உள்ளே கிழிசல் வாய் திறந்து காட்டியது. புஷ் நடுக்கத்தை உண்டாக்குவதில்லை, வருகிற நடுக்கத்தை ஸ்டீயரிங்குக்குத் தடையில்லாமல் அனுப்பி வைக்கிறது. முன் வீலும் அதைப் பிடித்திருக்கும் ரப்பரும் சேர்ந்து ஊஞ்சல் மாதிரி, அதற்கென்று ஒரு தாளம் உண்டு. என் காரில் அது 13, 14 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. வேகம் கூடக் கூட வீலின் விசை இன்னும் பெருகினாலும், 110-இல் நடுக்கம் குறைந்ததற்குக் காரணம் தாளம் தப்பிவிடுவதுதான். புஷ் இரண்டையும் மாற்றினேன். புஷ் போல்ட்டை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது கடைசியாக இறுக்கக் கூடாது, வீல் தரையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். இதற்குப் பிறகு பார்த்த அலைன்மென்ட்டில் அர்த்தம் இருந்தது.

இப்போது அந்த டிஸ்க் கதை. நடுக்கம் தீர்ந்து நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கையில், டிஸ்க் மாற்றி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் ஆனபோது, 90-லிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது. பெடலிலும் துடிப்பு தெரிந்தது. முன்பு கொஞ்சமும் இல்லாத பழுது. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள், பெரும்பாலும் அப்படி வளைவதில்லை. டயல் கேஜை டிஸ்க் முகத்தில் வைத்தேன், 0.14 மில்லிமீட்டர் ஆட்டம். டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைப் பார்த்தால் ஸ்டட்டைச் சுற்றிச் செதில் செதிலாகத் துரு. அன்றைக்கு அவசரத்தில் அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டியிருந்தேன். கோணலாக உட்கார்ந்த டிஸ்க், பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே ஓடும், அந்த இடம் மட்டும் மெல்லத் தேயும். மைக்ரோமீட்டரில் சுற்றிலும் எட்டு இடம் அளந்தேன். 22 மில்லிமீட்டர் டிஸ்க்கில் அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 0.025. தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு, ஆனாலும் காலுக்கும் கைக்கும் நன்றாகவே தெரிகிறது.

எந்தக் குறையும் இல்லாத பிரேக்கில் நானே கைவைத்து நானே உண்டாக்கிய பழுது. ஹப் முகத்தை எமரியால் பளபளவென்று தேய்த்தேன், டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டினேன், ஆட்டம் 0.04-க்கு வந்தது. தடிமன் வித்தியாசம் அப்படியே இருக்கும் என்பதால் காரிலேயே வைத்துக் கடையும் மெஷின் உள்ள இடத்தில் ஒரு மெல்லிய பூச்சு சீவி எடுத்தேன், குறைந்தபட்சத் தடிமனுக்கு இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. மறுபக்க டிஸ்க்கையும் அதே மாதிரி கழற்றிப் பார்த்தேன், அங்கேயும் துரு, அதையும் சுத்தம் செய்தேன்.

இப்போது 95-இல் போனை ஒட்டிப் பார்த்தால் அந்தப் பழைய முள் இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் தெரிகிறது, ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. பின் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு அந்த முட்டை டயர் லேசாகத் தெரியலாம், இதுவரை யாரும் சொல்லவில்லை. டயர் பக்கவாட்டில் தயாரான வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு இலக்கத்தைப் பார்த்தால் எப்படியும் மாற்ற வேண்டிய வயது நெருங்கிவிட்டது, அதுவரை ஓடட்டும். புது டயர் போடப் போகும்போது வளையம் நான்கும் வீலோடு திரும்பி வருகிறதா என்று எண்ணிப் பார்த்து, நட்டை இறுக்க ஏர் கன்னைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டார்க் ரெஞ்சை நானே எடுத்துக்கொண்டு போவேன்.